கீழ்ப்பக்கத்துக் கீறல்கள்

மார்ச் 4

அக்காவின் ஜீப்பிலிருந்து இன்ஜினை இன்று இறக்கிவிட்டோம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. இதில்தான் முப்பது வருடம் பண்ணை பண்ணையாகப் போய் மாடுகளுக்கு வைத்தியம் பார்த்தாள். நான்கு வருடம் முன்பு, அலுத்துவிட்டது என்று ஓட்டுவதை நிறுத்தினாள். ஆனால் தினமும் காலையில் கொட்டகைக்குப் போய் எதையோ நோண்டி, ஸ்டார்ட் செய்து, சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். போன மழையில் இன்ஜின் கிளம்பாமல் போனதோடு அதுவும் நின்றது.

"அது பாட்டுக்குக் கெடக்கட்டும், விடு" என்றாள். நான் விடவில்லை. இன்ஜின் சரியானால் மறுபடி ஓட்டுவாள். வீட்டுக்குள் அடைந்து கிடப்பவளை வெளியே கொண்டுவர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மார்ச் 9

மெக்கானிக்கை எல்லோரும் ஆமை என்றுதான் கூப்பிடுகிறார்கள். நிதானம் அப்படி. இன்று அவர் ஒரு விசித்திரம் காட்டினார். பிளக் ஒயர்களின் முனையில் அரத்தால் கீறிய கோடுகள். கார்புரேட்டர் திருகில்கூட ஒன்று. கம்பெனி போட்டதில்லை, திருட்டுப் பயத்தில் யாரோ போட்டது என்பது அவர் கட்சி. நான் ஒயர் ஒயராகத் திருப்பிப் பார்த்ததும், "டீச்சர், இன்ஜினுக்கே பரீட்சை வெக்கிறீங்களே" என்று சிரித்தார்.

மார்ச் 10

பாதி பிடிபட்டது. ஒரு கோடு முதல் பிளக்குக்கு, இரண்டு கோடு இரண்டாவதுக்கு. சாப்பாட்டு டப்பாவில் பிள்ளைகள் அடையாளம் போடுவதைப் போலத்தான். ஆனால் எல்லாமே கீழ்ப்பக்கம் ஏன்? டப்பாவுக்கு அடியில் பெயர் எழுதுவார்களா?

அக்காவைக் கேட்டேன். யாராவது போட்டிருப்பார்கள் என்று துணி மடிக்கத் திரும்பிக்கொண்டாள்.

மார்ச் 17

ஒயர்களெல்லாம் வெடித்துப் போயிருந்தன. கார்புரேட்டரும் தேறாது. எல்லாம் புதிது போட்டாயிற்று. பழையதைக் காயலான்கடைக்குப் போடலாமா என்று ஆமை கேட்டார். போடுங்கள் என்றேன்.

மார்ச் 22

ஒரே தட்டில் கிளம்பியது!

மார்ச் 23

சாவியை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. பானட்டைத் திறந்து கையை உள்ளே விட்டாள். முகம் சுவர்ப்பக்கம் இருந்தது. விரல் மட்டும் ஒயருக்கு அடியில் தேடியது. முதல் ஒயர். இரண்டாவது. மறுபடி முதல்.

"எல்லாத்தையும் வழவழன்னு ஆக்கிட்டியேடி."

அந்தக் கோடுகள் கண்ணுக்குப் போட்டவை அல்ல.

எத்தனை நாளாக என்று கேட்டேன். ஓட்டுவதை நிறுத்துவதற்கு முன்பிருந்தே. நேரே பார்த்தால் புகை, ஓரத்தில் மட்டும் தெரியுமாம். ரோட்டில் நின்ற கன்றுக்குட்டி கடைசிவரை கண்ணில் படவில்லை. அதுவாக நகர்ந்ததாம். அன்றைக்கே சாவியை ஆணியில் மாட்டிவிட்டாள்.

"ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா என்னை ஒரு மூலையில உக்கார வெச்சிருப்ப. இது ஒண்ணாவது என் கையில இருந்துச்சு."

கரும்பலகை தெரியாமல் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதிய பிள்ளைகள் எத்தனை பேரை நான் கண்டுபிடித்து முன் பெஞ்சுக்கு மாற்றியிருக்கிறேன்! வீட்டில் இருப்பதே இரண்டு பேர் — ஒருத்திக்குக் கண் தெரியலைன்னு எனக்குத் தெரியல. நான் என்னத்த பார்த்தேன் இத்தனை நாளா?

மார்ச் 24

காயலான்கடையில் கேட்டேன். எல்லாம் உருக்கப் போய்விட்டதாம்.

மார்ச் 26

ஆமையிடம் விஷயத்தைச் சொன்னேன். அரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எங்கெங்கே கீற வேண்டுமென்று அக்கா சொன்னால் போதும்.

"வேணாம். இனிமே நீ பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டிருப்ப" என்றாள் என்னிடம். அவருக்கு டீ போட உள்ளே போனாள்.

ஏப்ரல் 2

கண் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் போனோம். இறங்கும்போது, நான் சொல்லாமலே என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் சுவரிலிருந்த எழுத்துகளில் மிகப் பெரியதைக் காட்டி, ஓரக்கண்ணால் பார்த்தாவது சொல்லுங்கள் என்றார். ஓரத்தில் தெரியும் என்று என்னிடம் சொன்ன அக்கா தலையைக்கூடத் திருப்பவில்லை. "தெரியல டாக்டர்" என்றாள்.