அப்பாவும் கெப்பாலா பத்தாஸ் மைக்கேலும்

அன்புள்ள அப்பா,

இன்று காலை புதுக் கைப்பேசி ஒன்று வாங்கினேன். பழையதில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்த கடைக்காரப் பெண், "அக்கா, நீங்க பிளாக் பண்ணி வெச்ச ஆளுங்க லிஸ்ட்டும் வந்துடுச்சி லா. அப்படியே இருக்கட்டுமா?" என்று கேட்டாள். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று அவளுக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும். இந்த உலகத்தில் முதன்முதலில் என்னை பிளாக் செய்த மனிதர் நீங்கள்தானே!

நீங்கள் பென்ஷன் வாங்கிய கையோடு வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கூடத்தில், சாமிப் படங்களுக்கு நேர் எதிரே அதை வைத்தீர்கள். ஆயுள் முழுக்க அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளைக் கட்டிக் காத்த கை உங்களுடையது. சாட் செய்யும் புரோகிராமைக் கற்றுக்கொள்ளும் முன்பே அதற்குக் காவல் போடக் கற்றுக்கொண்டீர்கள். பாஸ்வேர்ட் தட்டும்போது விசைப்பலகை மேல் துவாலையைப் போர்த்தி, அதற்குள் கையை விட்டுத் தட்டுவீர்கள். கூடத்தில் அம்மாவைத் தவிர வேறு யாரும் இருக்கமாட்டார்கள். அவரையும், "கொஞ்சம் அங்கால திரும்பி நில்லும்" என்பீர்கள். பார்க்காமல் தட்டியதால் பாதி நாள் பாஸ்வேர்ட் தப்பாகப் போகும், மறுபடி துவாலை ஏறும். மோடம் கூவத் தொடங்கினால் தொலைபேசி வேலை செய்யாது. தன் தங்கையோடு பேச முடியவில்லை என்று அம்மா சமையலறையில் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே வைப்பார்.

நான் அப்போது கடலுக்கு அக்கரையில், ஜுருவில் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். பினாங்கிலிருந்து பெர்ரிப் படகில் தினமும் போய்வருவது அலுத்துப்போய், அங்கேயே தோழிகளோடு வாடகைக்கு வீடு எடுத்திருந்தேன். வேலை முடிந்ததும் பக்கத்து சைபர் கஃபேக்குப் போவேன். நீங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் காத்திருப்பீர்கள். "மாலை வணக்கம். நீ நலம் என்று நம்புகிறேன்" என்று ஆங்கிலத்தில், முற்றுப்புள்ளி காற்புள்ளியோடு தொடங்குவீர்கள். மற்றவர்கள் நாலு எழுத்தில் முடிப்பதை நீங்கள் நாலு வரியில் எழுதுவீர்கள். கடைசியில் 'அன்புடன், அப்பா' என்று கையெழுத்து வேறு.

அப்படி ஒரு மாலையில்தான் சேகரைப் பற்றிச் சொன்னேன். தாசேக் கெலுகோரில் கார் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர், அவரைத்தான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று. நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். "எங்கட ஆட்களோ?" நம்மைப் போல் இலங்கையிலிருந்து வந்தவர்களா என்று அர்த்தம். இல்லை, அவருடைய தாத்தா தமிழ்நாட்டிலிருந்து ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர் என்று எழுதினேன். அதற்குப் பிறகு உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சை விளக்கு அணைந்தது. மறுநாளும் எரியவில்லை. நீங்கள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அப்பா உன்னைக் கம்ப்யூட்டர்ல பிளாக் பண்ணிப்போட்டாராம். அப்பிடியெண்டால் என்ன பிள்ளை? டாக்டரிட்ட காட்டவேணுமோ?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஆனால் பயமும் இருந்தது. உங்கள் பிடிவாதம் எனக்குத் தெரியும். சொந்தத் தம்பியோடு ஒரு வேலி விஷயத்துக்காக வருடக்கணக்கில் பேசாமல் இருந்தவர் நீங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் தாலி கட்டமாட்டேன் என்று சேகர் சொல்லிவிட்டார். சேகரை விட என்னால் முடியாது. உங்களையும் விட முடியாது. அந்த மாதங்களில் நான் பட்ட பாட்டை உங்களுக்குச் சொன்னதே இல்லை.

புரட்டாசி பிறந்ததும் அவன் வந்தான். 'மைக்கேல், 24, சீனர், கெப்பாலா பத்தாஸ், கோழிப்பண்ணை.' என்னோடு நட்புக்கொள்ள விரும்புகிறானாம். முன்பின் தெரியாதவர்களைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை. மறுக்கத்தான் போனேன். அதற்குள் முதல் வரி வந்து விழுந்தது. "மாலை வணக்கம். நீங்கள் நலம் என்று நம்புகிறேன்." முற்றுப்புள்ளிகள் அதனதன் இடத்தில் இருந்தன. எனக்குச் சந்தேகம் தட்டியது. இரண்டாம் நாள் சனிக்கிழமை. கெப்பாலா பத்தாஸ் கோழிப்பண்ணைச் சீனப் பையன் மைக்கேல் என்னிடம் கேட்டான்: "புரட்டாசிச் சனியல்லவா? கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரித்தீர்களா? உங்களுக்கு ஏழரைச்சனி நடக்கிறதே."

சைபர் கஃபே என்றும் பார்க்காமல் வாய்விட்டுச் சிரித்தேன் அப்பா. பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து வேறு இடம் போய் உட்கார்ந்தார். அன்றிரவே அம்மாவைக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. அப்பா இப்போதெல்லாம் சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு பினாங்கு ரோடு பக்கம் நடக்கப் போகிறாராம், டாக்டர் நடக்கச் சொன்னாராம். வீட்டுக் கம்ப்யூட்டரில் என்னைத் தடுத்துவிட்டு, சைபர் கஃபேக் கம்ப்யூட்டரில் வேறு பெயர் வைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்திருக்கிறீர்கள். வீட்டில் இருக்கும் அப்பாவின் ரோஷமும் கெடவில்லை.

நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. உங்களிடம் சொல்ல முடியாததை மைக்கேலிடம் சொன்னேன். அவன் கேட்காத கேள்வி இல்லை. "அந்த மனிதர் குடிப்பாரா?" இல்லை. "சிகரெட்?" இருந்தது, எனக்காக விட்டுவிட்டார். "கோபம் வந்தால் என்ன செய்வார்?" கடையை மூடிவிட்டுப் போய் மீன் பிடிப்பார். "உங்கள் தந்தையைப் பற்றி என்ன சொல்கிறார்?" இதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்து எழுதினேன். 'அவருக்கு அப்பா இல்லை. என் அப்பாவையாவது அப்பா என்று கூப்பிட முடியுமா என்று பார்க்கிறார்.' மைக்கேல் உடனே, கோழிகளுக்குத் தீனி வைக்க வேண்டும் என்று போய்விட்டான்.

அந்தத் தீபாவளிக்கு நான் வீட்டுக்கு வரவில்லை. வரச்சொல்லி நீங்கள் கூப்பிடவில்லை. மைக்கேல்தான் வாழ்த்துச் சொன்னான். பயத்தம் பணியாரம் இந்த முறை நன்றாக வந்திருக்கிறதாம், நான் இல்லாததால் மிஞ்சிக் கிடக்கிறதாம். எந்த வீட்டில் என்று நானும் கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள், நீங்கள் வழக்கமாக விடைபெறும் நேரத்துக்குக் கொஞ்சம் பின்னால், மைக்கேலிடமிருந்து மறுபடி செய்தி வந்தது. "ஹாய் டார்லிங், போட்டோ அனுப்பு." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடுத்ததாக வந்ததை இங்கே எழுதக் கூசுகிறது. அதில் முற்றுப்புள்ளியும் இல்லை, மரியாதையும் இல்லை. நடந்தது விளங்கிவிட்டது. வீட்டில் துவாலை போர்த்திப் பாஸ்வேர்ட் தட்டிய என் அப்பா, சைபர் கஃபேயில் கணக்கை மூடாமலே குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அடுத்து வந்து உட்கார்ந்தவன் எவனோ மைக்கேலாகிவிட்டான்.

அவன் பேசிய பேச்சுக்கு அவனை பிளாக் செய்ய வேண்டியதுதான். கையும் அங்கே போனது. ஆனால் மைக்கேலை பிளாக் செய்தால் எனக்கு யார் இருக்கிறார்கள்? செய்யாமல் விட்டு, அவன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் நீங்கள் இனி உள்ளே வரவே முடியாது. இன்னொரு பெயரில் வருவீர்கள் என்பது என்ன நிச்சயம்? எழுந்து ஓடினேன். வெளியே இருந்த பொதுத் தொலைபேசியில் வீட்டு எண்ணை அழுத்தினேன். நீங்கள்தான் எடுத்தீர்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு உங்கள் 'ஹலோ'.

"அப்பா, உடனே சைபர் கஃபேக்குப் போங்கோ. மைக்கேலின்ட பாஸ்வேர்டை மாத்துங்கோ. ஆரோ உள்ள பூந்திட்டான்."

நான் என்ன சொல்லிவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

"எந்த மைக்கேல்?" என்றீர்கள்.

"கோழிப்பண்ணை மைக்கேல்."

குடையைத் தேடும் சத்தம் கேட்டது. "அந்தக் கெடாய்க்காரன் கடையை மூடப்போறான், நான் போறன்" என்றீர்கள். வைக்கப்போகிறீர்கள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெடியனைக் கூட்டிக்கொண்டு வா. மத்தியானம் சாப்பாடு இங்கதான்" என்றீர்கள். பொதுத் தொலைபேசியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத பெண்ணை ஜுருவில் அன்று நிறையப் பேர் பார்த்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சேகர் சட்டைக் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நீங்கள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சிகரெட்டை விட்டது நல்லது. ஆனால் மீன் பிடிக்கப் போறனெண்டு அடிக்கடி கடையைப் பூட்டக்கூடாது" என்றீர்கள்.

"அங்கிள், இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னா?" என்று அவர் திகைத்துப்போனார்.

"ஊர் கதைக்குது" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் சொதி கேட்டீர்கள். அம்மா சொதியை ஊற்றியபடியே, "எந்த ஊர்? கெப்பாலா பத்தாஸோ?" என்றார். நீங்கள் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

அந்தத் தை மாதமே கல்யாணம் நடந்தது. மைக்கேலைப் பற்றி நீங்களும் நானும் வாய்திறந்து பேசியதில்லை. 'அப்பா' என்ற பெயரில் போட்ட தடையையும் நீங்கள் எடுக்கவில்லை. எடுக்கத் தெரியவில்லையா, மனம் வரவில்லையா என்று நான் கேட்கவும் இல்லை. மைக்கேல் மட்டும் அவ்வப்போது வந்து நலம் விசாரிப்பான். அவனுக்கு வயது ஏறவே இல்லை.

மகன் பிறந்து பெயர் வைத்த அன்று உங்களுக்கும் எனக்கும் மூண்ட சண்டை நினைவிருக்கும். சேகருடைய அப்பாவின் பெயரை வைத்தோம். விருந்தினர் கூடியிருந்த இடத்தில், "இதென்ன தோட்டத்துப் பேர்?" என்று கேட்டுவிட்டீர்கள். என் மாமியாரின் முகம் வாடியதைப் பார்த்தேன். சேகர் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நான் உங்களிடம் கத்தினேன். நீங்கள் சாப்பிடாமல் பெர்ரிக்குக் கிளம்பிவிட்டீர்கள். இந்த முறை இது ஆறாது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் பகலில் சேகரின் கடைக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். மைக்கேல் காத்திருந்தான்.

"மாலை வணக்கம். மன்னிக்கவும், இப்போது பகல். உங்கள் தந்தையை எனக்குக் கொஞ்சம் தெரியும். நேற்றிலிருந்து அவர் அந்தப் பெயரைத் தனியாகச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார். நல்ல பெயர் என்கிறார். தாம் சொன்னது மிகவும் தவறு என்று அவருக்குத் தெரியும். நேரில் சொல்ல அவருக்கு வராது. உங்கள் மாமியாரிடம் எப்படியாவது சொல்லுங்கள். நான் சொன்னதாக உங்கள் தந்தையிடம் மட்டும் சொல்லாதீர்கள்."

மாமியாரிடம் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சம்பந்திக்கு ஒரு பாட்டில் ஊறுகாய் அனுப்பி விடும்மா" என்றார். ஊறுகாய் வந்து சேர்ந்ததும், எதற்கு இது என்று நீங்கள் கேட்டீர்கள். சும்மாதான் என்றேன்.

உங்களிடம் சொல்லவேண்டாம் என்று நீங்களே என்னிடம் கேட்டுக்கொண்டீர்கள். இன்றுவரை உங்களிடம் நான் சொல்லவில்லை, அப்பா.