ஈயம் உருக்கிய அடுப்பின் சாம்பல்

மச்சாள்,

அன்றைக்கு உன் வளவில் நின்றவர்கள் ஐந்து பேர். கதிரையில் நீ. உன் முதுகைத் தாங்கிக்கொண்டு நான். கிணற்றடியில் உன் மகள் சுகந்தி. அதற்கு முந்தின மாதம் வளவு மண்ணைச் சோதிக்க அள்ளிப்போய், அன்று முடிவுக் கடதாசியோடு வந்த சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. ஐயா. வேலியோரம், முகத்தை வாவிப் பக்கம் திருப்பிக்கொண்டு, உன் புருஷன், என் தம்பி தவராசா. ஒருவர் நின்ற இடத்தையும் நான் மறக்கவில்லை.

இன்று காலை பக்கத்து வீட்டு மருமகள் சுளகில் சாம்பலோடு போனாள். கீரையில் பூச்சியாம். அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்த அடுப்புச் சாம்பல் புள்ள?"

"சோறாக்கின அடுப்புத்தான் பெரியம்மா. ஏன் இப்பிடிப் பாயிறீங்க?"

பாயாமல் என்ன செய்வது?

நீயும் அப்படித்தான். பனி காயுமுன் எழும்பி, இலை ஈரமாக இருக்கும்போதே சாம்பலைத் தூவி முடித்துவிடுவாய். உன் அடுப்புச் சாம்பல் போதாத நாட்களில் பின்வளவு அடுப்பில் அள்ளினாய். அங்கேதான் தவராசா பழைய கார் பற்றரிகளை உடைத்து, ஈயத்தை உருக்கி, வீச்சுவலைக்குக் குண்டு வார்த்தான். விறகுச் சாம்பல்தானே என்று நினைத்தாய். யார்தான் நினைக்க மாட்டார்கள்? "இஞ்ச பாருகா மச்சாள், ஒரு பூச்சி கிடக்கா? என்ர கீரைக்கு டவுன்ல கடை போடலாம்" என்று எனக்கும் ஒரு பிடி தருவாய்.

பிறகு உனக்கு வயிற்று வலி. முகம் வெளுத்தது. செய்வினை என்று கழிப்புக் கழித்தோம். உன்னை வேலைக்கள்ளி என்று சொன்னவளும் உண்டு; அவளோடு நான் இன்றைக்கும் கதைப்பதில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் சொன்னார்கள்: உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறது, சிறுநீரகம் பழுது.

அன்று பி.எச்.ஐ. ஐயா மண்ணைப் பார்த்த முடிவை வாசித்தார். அதிலும் ஈயம்.

"நான் மூண்டு தண்ணியில கழுவித்தானே ஐயா ஆக்கினன்?" என்று கேட்டாய்.

"இலையில படிஞ்சது கொஞ்சம் போகும் அம்மா. வேரால ஏறினது கழுவினாப் போகாது. இந்த மண்ணுல இனிக் கீரை நடாதீங்க."

அப்போதுதான் சுகந்தி தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, ரெண்டு வருசமா நீங்க கீரை தின்னுறதில்லையே. வயித்துக்கு ஒத்துவருதில்லண்டு சொன்னீங்களே."

முன்பெல்லாம் கீரைச் சட்டியை வழித்துத் தின்றவன் அவன்.

"காத்தான்குடியில பழைய இரும்புக் கடைக்காரர் அப்பவே சொன்னாரு, அந்தச் சாம்பல் நஞ்சு, தோட்டத்துப் பக்கம் கொட்டாதண்டு," என்றான். "அதுக்கு நான் என்ன செய்ய? அள்ளிப் போட்டது இவதானே?"

நீ அவனைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓம் மச்சாள், நான்தான் போட்டன்" என்றாய். சாகும்வரை அதையே சொன்னாய். அவனோ உனக்குச் சீதனமாக வந்த வளவில் இருந்துகொண்டு, நீ ஆக்கிப்போட்டதைத் தின்றுகொண்டு, தன் சோற்றுக் கோப்பையில் மட்டும் கீரை விழாமல் பார்த்துக்கொண்டான். நீயும் பிள்ளையும் தின்பதை எதிரே இருந்து பார்த்தான்.

சுகந்தியின் இரத்தத்திலும் ஈயம்; இப்போது மாதாமாதம் ஆஸ்பத்திரிக் கிளினிக். நான்தான் கூட்டிப் போகிறேன். ஈயப்புகை குடித்த அவனுக்கும் கை நடுங்குகிறதாம், தேத்தண்ணி சிந்துகிறதாம். "அக்காவ ஒருக்கா வந்து கதைக்கச் சொல்லுங்க" என்று ஆள் அனுப்பினான். நான் போகவில்லை. நடுங்கட்டும்.

நீ போட்டது சாம்பல், மச்சாள். நஞ்சு என்று தெரிந்தவன் வேறு. இதை உனக்கு உயிர் இருக்கும்போது அவன் முகத்துக்கு நேரே நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. கூடப்பிறந்தவன் என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது நம் ஊர் பழுகாமத்தில் வீட்டுக்கு வீடு, படலை படலையாகப் போய்ச் சொல்கிறேன், பெயரைச் சொல்லியே சொல்கிறேன்: தவராசா.