ஜூன் மாதத்துப் புது டீச்சர்கள்

6-7-1959, திங்கள்

பள்ளிக்கூடங்களில் வேலை பெருகுகிறதென்று ஆபீசருக்கு ஒரே மகிழ்ச்சி. பள்ளிகள் அனுப்பும் ஆள் கணக்கைக் கூட்டி மேலே அனுப்புவதுதான் வேலைவாய்ப்பு ஆபீசில் என் வேலை. ஒவ்வொரு ஜூனிலும் எத்தனை புது டீச்சர்கள்! ஆனால் டிரெயினிங் முடித்து, பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் பெண்கள் எங்கள் வாசலில் குறையவே இல்லை. அப்படியானால் வேலைக்குப் போனது யார்?

7-7-1959

ஆபீசரிடம் கேட்டேன். “ஒமக்கு எதுலதான்யா சந்தேகம் இல்ல?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

18-7-1959, சனி

திருவரங்குளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, உள்ளே நடந்து, கண்ணுசாமி நடத்தும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சர்க்கார் மானியம் வாங்கும் தனியார் பள்ளி, அவர்தான் மேனேஜர். “அஞ்சு டீச்சரும் இந்த ஜூன்ல சேந்தவங்கதான்” என்றார். பழைய டீச்சர்கள்? “கல்யாணம் காச்சின்னு போயிருவாங்க, பொம்பளைங்கதானே.” கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது.

பொய்ப் பெயர்களோ? இல்லை, ஐந்து பேரும் வகுப்பில் நிற்கிறார்கள். பிள்ளைக்குச் சோறு கொண்டுவந்த ஒரு அம்மாளிடம், ஐவரில் ஒருவரைக் காட்டி வாசலில் விசாரித்தேன்.

“இன்னாசியம்மா டீச்சரா? எம் மூத்தவளுக்கே அவுகதான ஆனா ஆவன்னா சொல்லிக்குடுத்தாக. அவ இப்ப அஞ்சாப்பு.”

பள்ளி விட்டதும் இன்னாசியம்மாளிடம் பேசப் போனேன். “மேனேஜர் அனுப்பிச்சாரா ஒங்கள? எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று விறுவிறுவென்று போய்விட்டார். என்னையே உளவாளி என்கிறாரே!

1-8-1959, சனி

இன்னாசியம்மாள் ஆபீசுக்கே வந்தார். “நெசமாவே இங்கதான் வேல பாக்குறீங்களான்னு பாக்க வந்தேன் சார்.” பிறகு சொன்னார். ஏப்ரல் கடைசியில் ஐவரிடமும் ‘சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்’ என்று எழுதி வாங்கிவிடுகிறார் கண்ணுசாமி. ஜூனில் புது ஆர்டர். லீவு மாதத்துக்குச் சம்பளம் இல்லை. எத்தனை வருஷம் உழைத்தாலும் முதல் வருஷ டீச்சர்தான்.

“ஏன் எழுதிக் கொடுக்கிறீர்கள்?”

“எழுதாட்டி வேற ஆளு. ஒங்க வாசல்லதான் நிக்கிறாங்களே.”



3-8-1959

ஆபீசரிடம் சொன்னேன். “அவங்களே வெலகுனேன்னு எழுதிக் குடுத்தாச்சு. நமக்கென்ன?”

6-8-1959

ஆபீசர் அறையில் கண்ணுசாமி! இருவரும் காபி குடித்துக்கொண்டு — நான் போனதும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஐயோ, அந்த அம்மாள் பெயரைச் சொன்னேனா? இல்லை. பள்ளிக்கூடத்துப் பெயரைத்தான் சொன்னேன். அது போதாதா?

5-10-1959

சுற்றியுள்ள பள்ளிகளுக்கெல்லாம் போய் விசாரித்தாயிற்று. பெரும்பாலும் இதே கதை. ‘புதியவர்களில் பலர் பழையவர்களே’ என்று கணக்கின் அடியில் எழுதினேன். ஆபீசர் கோடு போட்டு அடித்துவிட்டார். அதையே என் கையெழுத்தில் மதராஸ் தலைமை ஆபீசுக்கு நேரே அனுப்பிவிட்டேன். வேலை போனாலும் போகட்டும்.

11-1-1960

மதராஸிலிருந்து பதில் இல்லை. தபாலை ஆபீசர்தான் முதலில் பிரிக்கிறார்.

2-5-1960, திங்கள்

இன்னாசியம்மாள் பெயரைப் பதிய வந்தார். பின்னால் மற்ற நாலு பேரும்.

“இந்தத் தடவ யாரும் எழுதிக் குடுக்கல. வராதீங்கன்னுட்டாரு.”

வேலையை விட்ட காரணம் கேட்டேன்.

“நாங்க விடல சார். அவரு நிறுத்துனாரு. அப்படியே எழுதுங்க.”

எழுதினேன். என்னால்தானே? அல்லது அவர்களாகத் துணிந்ததா? கேட்கப் பயமாக இருந்தது.

13-6-1960

கண்ணுசாமி ஐந்து டீச்சர்கள் கேட்டிருக்கிறார். காத்திருந்த பெண்களிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மூவர் வேண்டாமென்று போய்விட்டார்கள். இரண்டு பேர், “வீட்டுல கஷ்டம் சார், போறோம்” என்றார்கள். அனுப்பினேன். வேறென்ன செய்ய?

22-6-1960

அனுப்பிய இருவரும் திரும்பி வந்துவிட்டார்கள். வகுப்பில் பிள்ளைகளே இல்லையாம். ‘எங்க டீச்சரக் கூப்பிட்டாத்தான் அனுப்புவோம்’ என்று தாய்மார்கள் பிடிவாதமாம். வருகை குறைந்தால் மானியம் குறையும், கண்ணுசாமிக்குத் தெரியாததா? இந்த இருவருக்கும் வேறு இடம் பார்க்க வேண்டும்.

27-6-1960

இன்னாசியம்மாள் வீட்டுக்குக் கண்ணுசாமியே போனாராம். லீவு மாதச் சம்பளமும், முதன்முதல் சேர்ந்த தேதி போட்ட ஆர்டரும் கைக்கு வந்த பிறகுதான் ஐவரும் பள்ளிக்குள் நுழைந்தார்களாம். இதில் வேறு ஏதும் சூது இருக்குமோ? அடுத்த ஏப்ரல் வரட்டும், பார்க்கலாம்.

4-7-1960, திங்கள்

ஜூன் கணக்கு முடிந்தது. கண்ணுசாமி பள்ளியில் புது நியமனம் இல்லை. பக்கத்து இரண்டு பள்ளிகளிலும் இல்லை; அங்கேயும் பழைய டீச்சர்களே தொடர்கிறார்கள்.

“என்னய்யா, வேலை இவ்வளவு கொறஞ்சுபோச்சு?” என்று ஆபீசர் முகத்தைச் சுளித்தார்.

“ஆமாங்க சார்” என்றேன்.