கனடாவுக்குப் போகாத தூள்

அக்கா,

இன்று தூள் அரைக்கும் மில்லுக்குள் கால் வைத்ததும் வறுத்த மிளகாய் நெடி மூக்கில் ஏறி, அடுத்தடுத்து ஏழு தும்மல். ஏழாவதில் நீங்கள் வந்துவிட்டீர்கள். நீங்கள் கண்மூடி ஒரு வருடம். பருத்தித்துறையிலேயே எனக்கு மட்டும்தான் துக்கம் மூக்கால் வருகிறது.

விவாகரத்துக் கடதாசியும் தையல் மெஷினுமாகக் கொழும்பிலிருந்து உங்கள் பக்கத்து வீட்டுக்கு நான் குடிவந்த அன்று, வேலிப் படலையடியில் நின்று கேட்டீர்கள்: "அவர் எங்கை?"

"கனடாவிலை அக்கா."

நம் ஊரில் கண்ணில் படாத புருஷனுக்கு அதைவிட மரியாதையான விலாசம் உண்டா? அந்த 'அக்கா'வும் பொய்தான். உங்களைவிட மூன்று வயது மூத்த நான், வயதைக் குறைத்துச் சொல்லி உங்களை மூத்தவராக்கிவிட்டேன்.

முதல் பொய்க்குக் காரணம் இருந்தது. தையற்காரிக்குச் சோறு போடுவது கலியாண வீடுகள். புருஷனை விட்டு வந்தவள் தைத்த கூறைச் சேலைச் சட்டையை எந்தத் தாய் மகளுக்குப் போடுவாள்?

மூன்று மாதம் கனடா நன்றாகவே ஓடியது. அவருக்கு அங்கே குளிர் ஒத்துவரவில்லை என்றுகூட அளந்துவிட்டேன். அதற்கு இரங்கினவர் மாதிரி நீங்கள் மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்து, இரண்டு கிலோ கறித் தூளோடு வந்து நின்றீர்கள்.

"மச்சாள் வெள்ளிக்கிழமை கனடா போறாள். அவரின்ரை அட்ரஸைத் தாரும்."

பேனையை எடுத்தேன். பொய்க்கு வீதி இலக்கம் அகப்படவில்லை. அழுதுவிட்டேன்.

"அவர் கொழும்பிலை அக்கா. நான்தான் விட்டிட்டு வந்திட்டன்."

"அது வந்த கிழமையே தெரியும். கனடாவிலை இருக்கிறவன் பெண்சாதிக்கு ஒருக்காலாவது கோல் எடுக்கமாட்டானோ? ரண்டு வீட்டுக்கும் நடுவிலை இருக்கிறது வேலிதானே, எனக்குக் கேக்காதோ!"

"பின்னை ஏன் தூள் அரைச்சனீங்கள்?"

"நீர் வாய் திறப்பீரோ எண்டு பாக்கத்தான். களவெடுத்தவள் மாதிரி ஏன் ஒளிக்கிறீர்? நிமிர்ந்து சொல்லும்."

அந்தத் தூளில் ஆறு மாதம் எனக்குத்தான் கறி.

நான் அழுத மறுநாள் உங்களோடு மா அரைக்கப் போன இடத்தில், மில் வரிசையில் ஒருத்தி கேட்டாள்: "கனடாவிலை அவர் சுகமோ?" உங்களைப் பார்த்தேன். நீங்கள் கூரையைப் பார்த்தீர்கள். வேறு வழியில்லை, நானே சொன்னேன்: "கனடாவும் இல்லை, அவரும் இல்லை. விவாகரத்து எடுத்திட்டன்."

வரிசையில் தலைகளெல்லாம் என் பக்கம் திரும்பின. அப்போதுதான் உங்கள் குரல்: "என்ரை மகளின்ரை கூறைச் சட்டை இவதான் தைக்கிறா. ஆருக்கும் தேவையெண்டா இப்பவே சொல்லி வையுங்கோ."

அந்தச் சட்டையில் இடது கை கொஞ்சம் இறுக்கம். நீங்கள் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. மணவறையில் குனிந்து மகளின் காதில், "கையைத் தூக்காதை பிள்ளை" என்றதோடு சரி.

இன்று மில்லில் ஊருக்குப் புதியவள் ஒருத்தி கேட்டாள்: "உங்கடை அவர் வெளிநாட்டிலையோ?"

"இல்லைப் பிள்ளை, நான் அவரை விட்டிட்டு வந்தனான்." மில் இரைச்சலுக்கு மேலாகச் சொன்னேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையில் நின்ற நாலு தாய்மாரில் மூன்று பேரின் மகள்களுக்குக் கூறைச் சட்டை தைத்தவள் நான். சட்டைக் கைகளும் இப்போது அளவாகத்தான் இருக்கின்றன.

வயதை மட்டும் இன்னும் குறைக்கிறேன். அதையும் நீங்கள் அறிந்திருந்தீர்களாம். உங்கள் செத்தவீட்டில் மகள் சொன்னாள்: "நீங்கள் மூத்தவ எண்டு அம்மாவுக்குத் தெரியும். 'அக்கா எண்டு கூப்பிட்டிட்டுப் போகட்டும்' எண்டு விட்டவ." அந்த அழுகைக்குள்ளும் சிரித்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தையும் 'அக்கா' என்றுதான் தொடங்கியிருக்கிறேன். நீங்கள் தெரிந்தே விட்டுத்தந்த பெயர்; இப்போது அது பொய்யில்லை.