ஏழு தகப்பன்களும் ஒரு தாய்மாமனும்

பிஷ்கெக்,
செப்டம்பர் கடைசி வாரம்

அன்புள்ள தம்பி எர்மெக்குக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எழுதக் கை வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

'கண்' என்ற சொல் வந்ததும் உன் தொலைபேசிக்கு ஏதோ ஆகிவிடுகிறது. "சுரங்கப்பாதைக்குள்ள போறேன்க்கா, அப்புறம் பேசறேன்." யெகாத்தரின்பூர்க் சாலையில் இத்தனை சுரங்கங்களா? பக்கத்து வீட்டு மிர்லான் அங்கே வேலைக்கு வருகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். லாரியில் வைத்துப் படிக்காதே. உட்கார்ந்து படி.

முதலில் ஊர்ச் செய்தி. மந்தைகள் மலையிலிருந்து இறங்கிவிட்டன. அம்மா உன் கல்யாணத்துக்கு மெத்தைகள் தைத்து அடுக்கிக்கொண்டே இருக்கிறாள். அடுக்கு உத்தரத்தைத் தொடப் பார்க்கிறது. உனக்குப் பேசியிருக்கும் புருல் வீட்டார் வந்து டீ குடித்துவிட்டுப் போனார்களாம். உன்னைப் பற்றி ஒரே புகழ்ச்சி. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று நம் வழக்கப்படி ஏழு தகப்பன்களின் பெயரையும் மூச்சு விடாமல் சொன்னாயாமே.

அந்த ஏழு பேர்தான் இப்போது என் வேலையில் பெரிய தொல்லை.

மாலைக்கண்ணோடு பிறந்து மெல்ல மெல்லப் பார்வையை இழக்கிறவர்களின் குடும்பங்களை நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம். கண்ணுக்குள் பின்பக்கம் ஒட்டியிருக்கும் விழித்திரை ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வரும் நோய். எந்த மரபணு பழுது, அது யார் வழியாக இறங்குகிறது என்று தெரிய வேண்டும். எங்கள் தலைமை மருத்துவர் குல்பரா அக்கா கேட்பார், "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?" வந்தவர் நெஞ்சை நிமிர்த்தி ஏழு தகப்பன்களையும் ஒப்பிப்பார். "ஏழு தலைமுறைக்கு ஒரு குருடன் கிடையாது டாக்டர். எழுதிக்கோங்க." "சரி. உங்க அம்மாவோட அப்பா பேரு?" மனிதர் கூரையைப் பார்ப்பார். பிறகு மனைவியைப் பார்ப்பார். "அவங்க நரின் பக்கம்..." அவ்வளவுதான்.

குல்பரா அக்கா ஒருநாள் பேனாவைத் தூக்கிப் போட்டுவிட்டார். "இந்த நாட்டுல எல்லாரையும் ஆம்பளைங்களே பெத்துப் போட்டிருக்காங்க போல ஜிப்பார்."

எல்லோரும் சிரித்தோம்.

இந்த நோயில் ஒரு வகை தாய் வழியாக மட்டுமே மகன்களுக்கு வருகிறது. தாய்க்கு நோயின் அறிகுறியே இருக்காது, நன்றாகவே பார்ப்பாள். அவளுடைய சகோதரனுக்கு இருக்கும். மகனுக்கு வரலாம், வராமலும் போகலாம். ஏழு தகப்பன்களில் எவரைத் தோண்டினாலும் கிடைக்காது.

கோடையில் புதிய கேமரா வந்தது. விழித்திரையை அகலமாகப் படம் எடுக்கும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத கண் ஒன்று வேண்டும் என்றார்கள். நான் போய் உட்கார்ந்தேன். தாடையை வைத்தேன். பச்சை வெளிச்சம்.

திரையில் என் கண். நடுவிலிருந்து சுற்றிலும் பொன்தூள் சிதறியது போல ஒரு மினுமினுப்பு. அழகாகத்தான் இருந்தது. நோயைச் சுமக்கிற பெண்களின் கண்ணில் தெரிவது அது. பாடமாகப் படித்தவள்தானே நான், யாரும் விளக்கவில்லை. குல்பரா அக்கா என் தோளில் கை வைத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "உங்க அம்மாவுக்குக் கூடப்பொறந்தவங்க இருக்காங்களாம்மா?"

கெங்கேஷ் மாமா.

எர்மெக், இதை நீ பொறுமையாகப் படிக்க வேண்டும்.

மாமாவை நரினிலிருந்து வரவழைத்தேன். உனக்குத் தெரிந்த மாமாதான். பொழுது சாய்ந்தால் வோட்கா வாசனை. குதிரையிலிருந்து விழுந்தது, ஓடையில் விழுந்தது, கல்யாண வீட்டில் சமையல் கொப்பரையில் முட்டிக்கொண்டது. 'சூரியனும் கெங்கேஷும் ஒண்ணாத்தான் விழுவாங்க' என்று ஊரே சொல்லும். அவருடைய விழித்திரையைப் பார்த்தேன். ஓரமெல்லாம் கரித்தூள் கொட்டியது போலக் கறுப்பு. நடுவில் நாணயம் அளவுக்கு மட்டும் உயிர். ஒரு குழாய் வழியாகத்தான் அவர் இத்தனை வருடமும் உலகத்தைப் பார்த்திருக்கிறார்.

திரையிலிருந்து திரும்பினேன். மாமாதான் பேசினார். "என்ன டாக்டரம்மா, பொணத்தைப் பார்த்த மாதிரி நிக்கற? எனக்கு இது மீசை மொளைக்கறப்பவே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் மாமா சொல்லலை?"

"சொன்னா? குடிகாரனை நம்பி மந்தையை விடுவாங்க. மறுநாள் தெளிஞ்சிடுவான்னு விடுவாங்க. ராத்திரி ஓநாய் வந்தாத் தெரியாத மேய்ப்பனுக்கு எவன் ஆடு குடுப்பான்? பொண்ணுதான் எவன் குடுப்பான்?"

"அப்போ குடிச்சதெல்லாம்?"

"ஒரு மொடக்கு. மிச்சத்தைச் சட்டைல ஊத்திக்குவேன். என் பொண்டாட்டி கிட்டயே இன்னும் சொல்லலை. நீ உளறிடாதே, அவ அடிக்கறது வாடிக்கையாயிடுச்சு."

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

மாமாவே சரி என்ற பிறகு அம்மாவிடம் சொன்னேன். மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முதலில் என் மேல்தான் கோபம். "படிச்சுப் படிச்சு இப்போ எங்க வம்சத்துல குத்தம் கண்டுபுடிக்க வந்துட்டியா?" பிறகு கை நின்றது. "அப்போ என் தம்பி குடிகாரன் இல்லையா?" என்றாள். எத்தனை வசை, எத்தனை முறை அவரை விருந்திலிருந்து வெளியே அனுப்பியிருக்கிறாள். அன்று மாலையே அவருக்குத் தொலைபேசியில் பேசினாள். அரை மணி நேரம் வானிலையைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

இனி மருத்துவம். இதை நம்பி எழுதுகிறேன், ஆறுதலுக்காக அல்ல. மாமாவின் ரத்தத்திலும் என் ரத்தத்திலும் பழுதான மரபணு எது என்று தெரிந்துவிட்டது. அதற்கு நல்ல நகலைச் செய்து, தீங்கு செய்யாத ஒரு வைரஸில் ஏற்றி, விழித்திரைக்கு அடியில் செலுத்துகிற சோதனைச் சிகிச்சை ஒன்று அல்மாட்டியில் தொடங்குகிறது. எங்கள் குழுவும் அதில் இருக்கிறது. செத்துப்போன இடத்தை அது உயிர்ப்பிக்காது. உயிரோடு இருப்பதைக் காக்கும் என்று எதிர்பார்க்கிறோம். முன்பு சிகிச்சை பெற்றவர்களின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். காய்வது நின்றிருக்கிறது, எல்லோருக்கும் அல்ல, பலருக்கு. மாமாவுக்குக் காலம் கடந்துவிட்டது. "என் கண்ணு எதுக்கு? ரத்தம் வேணும்னா எடுத்துக்கோ, அதுல வோட்கா கிடையாதுன்னு எழுதிக் குடு" என்றார்.

இந்தச் சோதனைக்கு இளம் வயது ஆண்கள் வேண்டும். விழித்திரையில் இன்னும் உயிர் மிச்சமிருப்பவர்கள்.

போன கோடையில் மலை மேய்ச்சலில் நடந்த விருந்து நினைவிருக்கிறதா? இருட்டிய பிறகு நீ கூடாரத்துக்குத் திரும்பினாய். கட்டியிருந்த குதிரைக் கயிற்றில் தடுக்கி விழுந்தாய். எழுந்து, இன்னும் கொஞ்சம் தள்ளாடிக் காட்டி, பாட்டும் பாடினாய். 'ரஷ்யா போய் நல்லா குடிக்கக் கத்துக்கிட்டான்' என்று எல்லோரும் சிரித்தார்கள். எர்மெக், அன்று முழுக்க உன் கிண்ணத்தை நிரப்பியவள் நான். நான் ஊற்றியது வெறும் டீ.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. புருலிடமும் சொல்லவில்லை, அது நீ சொல்ல வேண்டியது. நீ சொன்னால் அவள் எழுந்து போய்விடலாம். போகமாட்டாள் என்று நினைக்கிறேன். உன் மகன்களுக்கு இது வராது என்பதையும் சேர்த்துச் சொல். மகள்களுக்கு என் கண்ணைப் போன்ற கண் வரும். நான் நன்றாகத்தான் பார்க்கிறேன்.

ஆனால் லாரி. அங்கே இனி பிற்பகலிலேயே இருட்டிவிடும். சாலை ஓரத்தில் நடந்து போகிறவன் உன் கண்ணில் படமாட்டான். மாமா ஓடையில் விழுந்தால் மாமாவுக்கு மட்டும்தான் அடி. நீ அப்படி இல்லை. சாவியைக் கொடுத்துவிடு. கூலி போகும், முதலாளி திட்டுவான். இங்கே வந்து என்ன செய்வாய் என்று எனக்கும் தெரியாது. சேர்ந்து யோசிப்போம். எனக்கு அதில் பயமில்லை. நீ அங்கே தனியாக நடித்துக்கொண்டிருப்பதுதான் பயம்.

பனி விழுவதற்குள் உன் கண்ணைப் பார்த்துவிட்டால் உன் பெயரைச் சேர்க்கலாம். குல்பரா அக்கா எனக்காக ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார். வேறொரு குடும்பத்துக்கு அதைக் கொடுக்கும்படி என்னை ஆக்கிவிடாதே.

யெகாத்தரின்பூர்க் விமானம் இங்கே பொழுது போன பிறகுதான் இறங்குகிறது. வாசலில் தள்ளி நின்று கையசைக்க மாட்டேன். உள்ளே வந்து உன் முழங்கையைப் பிடித்துக்கொள்வேன். நீ தள்ளாடிக் காட்ட வேண்டாம். படி வந்தால் படி என்று சொல்கிறேன்.

பத்திரமாக வா.

உன் அக்கா,
ஜிப்பார்