பிள்ளையார் கண்

விழுப்புரம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கலைமதிக்கு,

ஞாயிறு மாலை நீ மஸ்கட்டிலிருந்து அழைத்தபோது, பாப்பா தூங்குகிறாள் என்று பொய் சொன்னேன். உன் மகள் இப்போது நன்றாக இருக்கிறாள். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

அன்று காலை, திண்டிவனம் தாண்டி, அழிந்துவரும் நம் பக்கத்துக் காட்டுமரங்களை வளர்த்து ஆராயும் தோட்டம் ஒன்றுக்குக் கலைப்பிரியாவை அழைத்துப் போனேன். இப்படிப்பட்ட இடங்களில் மரத்தைவிடப் பெயர்ப்பலகைதான் அதிகம் என்பது என் எண்ணம். அங்கே அப்படியில்லை. விதைக்கூடத்தில் ஒரு தட்டு நிறையக் குண்டுமணி இருந்தது. தாவரவியல் எம்.எஸ்சி. அல்லவா, நான் பெயர்ச்சீட்டைப் படித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவள் என் புடவையை இழுத்து, "பெரிம்மா, பிள்ளையார் கண்ணு என் வயித்துக்குள்ள போயிட்ச்சு" என்றாள். சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குப் பதிப்போமே, அதே கண்.

அதன் பருப்பு எவ்வளவு விஷம் என்று படித்தவள் நான். உனக்கும் தெரியும். மென்றாயா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். மெல்லவில்லைதானே என்றேன். அதற்கும் ஆமாம்.

விதைக்கூடத்தில் வேலை பார்க்கும் தென்னரசு உடனே ஜீப்பை எடுத்தார். "பயந்துகினு இருக்காதீங்கம்மா. மென்னாதான் பேஜாரு. நாங்களே உப்புத்தாள்ல தேச்சாதான் அது மொளைக்குது. இல்லன்னா மாசக்கணக்குல கல்லு மாரி கெடக்கும்" என்று வழியெல்லாம் சொன்னார். நான் நம்பவில்லை. திண்டிவனம் மருத்துவமனையில் டாக்டர் அவள் வாயைப் பார்த்துவிட்டு, விதை முழுதாகப் போயிருந்தால் பயமில்லை, ஆனாலும் இங்கேயே இருக்கட்டும் என்றார். அப்போதுதான் நீ அழைத்தாய்.

ஜூனில் அவளை உன்னிடம் அழைத்துக்கொள்வது பற்றிக் கேட்டிருந்தாய். முடிவு உன்னுடையது. இதைப் படித்துவிட்டு முன்னதாகவே அழைத்துக்கொண்டாலும் நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் முன்பு மட்டும் தெரிவி. நீ உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். திங்கள் காலை ஏழு மணிக்கு விதை வெளியே வந்தது. முழு விதை, ஒரு கீறல் இல்லை. நர்ஸ் கைதட்டினாள். உன் மகள் எட்டிப் பார்த்து, "கழுவிட்டுப் பிள்ளையாருக்கே வெச்சிடலாமா?" என்றாள். மாலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் விழுப்புரம் வரைக்கும் என் மடியில் தூங்கினாள். கால் மரத்துப்போனது, நான் அசைக்கவில்லை.

உன் அக்கா,
கிருஷ்ணவேணி