அண்ணனின் பெட்ரோல் இஞ்சின்

மைனி,

இன்று காலை ஏலத்தோட்டத்தில் களை வெட்டும் மெஷினுக்குப் பெட்ரோல் ஊற்றும்போது கை தவறி, முழங்கை வரை வழிந்துவிட்டது. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை. மத்தியானம் சோற்றில் கை வைத்தபோதும் அதே வாடை. தட்டைத் தள்ளிவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்தேன். "ஒங்க மூக்குக்கு என்ன ஆச்சு தம்பி?" என்று நீங்கள் கேட்பது போலவே இருந்தது. நீங்கள் உயிரோடு இருந்து அப்படிக் கேட்டபோது நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இன்றைக்காவது எழுதிப் பார்க்கிறேன்.

அந்தப் பாய்மரப் படகை எங்கள் எஸ்டேட் ஏரிக்குக் கொண்டுவந்தது பழைய மேனேஜர் ஒருவர். அவர் போன பிறகு அவருடைய பங்களா விருந்தினர் விடுதியாக மாறியது, விருந்தினரை ஏற்றிப்போகப் படகு அண்ணனின் பொறுப்புக்கு வந்தது. காலையில் மலைக்காற்று பாயைப் பிடித்து நடு ஏரி வரைக்கும் கொண்டுபோய்விடும். பதினோரு மணிக்கு மேல் காற்று விழுந்துவிடும். திரும்பி வர இஞ்சின் இல்லாமல் முடியாது. படகின் அடிப்பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்த அந்த இரண்டு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சினை அண்ணன் பிள்ளை மாதிரி வைத்திருந்தார். அதன் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவார். அவர் நெஞ்சுவலியில் போன அன்றும் அவர் நகக்கண்ணில் அந்த இஞ்சினின் கரி இருந்தது. குளிப்பாட்டும்போது நான்தான் ஊசியால் எடுத்தேன்.

பிறகு அண்ணன் மனைவியான நீங்களே சுக்கானைப் பிடித்தீர்கள். சேலைக்கு மேல் அண்ணனின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பாயை இறக்கி ஏற்ற ஒரே மாதத்தில் பழகிவிட்டீர்கள். இஞ்சின் மட்டும் என் பங்கு. தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த நான் சனிக்கிழமைதோறும் ஏரிக்கு இறங்கி வருவேன். பாகம் எதுவும் கிடைக்காது. கார்புரேட்டர் மிதவையை ஸ்கூட்டரிலிருந்து எடுத்துப் போட்டேன். கசிவை அடைக்கும் கேஸ்கெட்டைத் தோலில் வெட்டினேன். பொறி கிளப்பும் மேக்னெட்டோவின் சுருளைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்ப் புதிதாகச் சுற்றி வாங்கி வந்தேன். பித்தளைப் பெட்ரோல் டேங்க் ஓரத்தில் விரிசல் விட்டபோது நானே ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். அது ஓடும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அண்ணன் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை என்று எனக்குத் தோன்றும்.

அப்படி இருக்கையில்தான் ஒரு நாள் துறைப்படியில் உட்கார்ந்து பாயில் கிழிசல் தைத்துக்கொண்டே கேட்டீர்கள்: "தம்பி, இத எடுத்துட்டு ஒரு டீசல் வச்சிருவோமா?"

எனக்குச் சுருக்கென்றது. "எதுக்கு மைனி? நல்லாத்தான ஓடுது?"

"வாட வருது."

"பெட்ரோல் இஞ்சின்ல பெட்ரோல் வாடதான் வரும். மல்லிப்பூ வாடயா வரும்?"

நீங்கள் ஊசியைத் துணியில் குத்திவிட்டு என்னையே பார்த்தீர்கள். அப்போதுதான் என் மூக்கைப் பற்றிக் கேட்டீர்கள். நான் சிரித்து மழுப்பினேன். டீசல் இஞ்சின் கனம், பின்பக்கம் அமுங்கும், பாய் விரித்தால் படகு சொன்னபடி கேட்காது, அதிர்வில் பலகை இணைப்பு விடும் என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாம் உண்மைதான். ஆனால் நான் சொன்னது அதற்காக இல்லை.

அடுத்த மாதம் போடிக்காரர் வந்தார். போடிநாயக்கனூரில் டீசல் பட்டறை வைத்திருந்தவர். ஃபேக்டரி ஜெனரேட்டரைச் சரிபார்க்க மலையேறி வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். நான் ஏரிக்கு இறங்கியபோது அவர் படகுக்குள் குனிந்து டேப்பால் அளந்துகொண்டிருந்தார். பக்கத்தில் பலகை மேல் ஒரு டம்ளர் டீ. அது அண்ணனின் டம்ளர், மைனி. விளிம்பில் நெளிவு விழுந்த அந்தப் பெரிய எவர்சில்வர் டம்ளர்.

அன்றிலிருந்து என் கண் வேறு வேலை பார்க்க ஆரம்பித்தது. அவர் எந்தக் கிழமை வருகிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார், அவர் வரும் நாளில் நீங்கள் தலை வாரியிருக்கிற விதம். இதெல்லாம் நான் பார்த்தேன், மனதில் குறித்தும் வைத்தேன். சொல்லவே கூசுகிறது. வீட்டில் சாப்பிடும்போது ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். என் மனைவி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவங்க டீ குடுத்தா ஒங்களுக்கு என்ன? வந்த மனுசனுக்குப் பச்சத் தண்ணியா குடுப்பாங்க?"

"டீயப் பத்தி இல்லடி."

"பின்ன எதப் பத்தி? அதயும் வாயத் தொறந்து சொல்லுங்க."

தட்டில் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். எனக்கே தெளிவாகத் தெரியாதது போல நடித்தேன்.

அதே சமயம்தான் இஞ்சின் படுக்க ஆரம்பித்தது. நான் சனிக்கிழமை ஓட்டிப் பார்த்து நன்றாக விட்டுப்போவேன். செவ்வாயோ புதனோ பங்களாவிலிருந்து போன் வரும், ஸ்டார்ட் ஆகவில்லை என்று. போய்ப் பார்த்தால் பிளக் வயரின் நட் தளர்ந்திருக்கும். அதிர்வில் தளர்ந்திருக்கும் என்று முதல் முறை விட்டுவிட்டேன். இரண்டாம் முறை நட்டின் மேல் வெள்ளைப் பெயிண்டால் மெல்லிய கோடு ஒன்று போட்டுவைத்தேன். அடுத்த வாரம் கோடு விலகியிருந்தது, பக்கத்தில் ஸ்பேனர் பட்ட கீறல். மூன்றாம் முறை நட் இறுக்கமாக இருந்தது. ஆனால் மேக்னெட்டோவின் மூடியைத் திறந்தால் காண்டாக்ட் பாயிண்டுக்கு நடுவில் மடித்து வைத்த ஒரு காகிதத் துண்டு. காகிதம் தானாகப் போய் அங்கே உட்காராது. அந்த இடத்தில் வைத்தால் பொறி வராது என்பது தெரிந்த கை எங்கள் ஏரிக்கரையில் இரண்டுதான். ஒன்று என்னுடையது. இன்னொன்று, அண்ணன் பக்கத்தில் பதினெட்டு வருடம் உட்கார்ந்து வேலையைப் பார்த்த உங்களுடையது.

காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். உங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். பழைய இஞ்சினைக் கெடுத்துக் கெடுத்து, இனி ஆகாது என்று என் வாயாலேயே சொல்லவைத்து, அந்தச் சாக்கில் போடிக்காரரை உள்ளே கொண்டுவரப் பார்க்கிறீர்கள் என்று ஒரு கதை என் மனதில் கட்டி முடிந்திருந்தது. அதைக் கலைக்க எனக்கே மனமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதாகோயிலில் முதல் பூசைக்கு மணி அடிக்கும் முன்பே ஏரிக்குப் போய், சவுக்கு மரங்களுக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் வந்தீர்கள். நேராகப் படகில் ஏறி அடிப்பலகை நான்கையும் தூக்கி ஓரமாகச் சாய்த்தீர்கள். மண்டியிட்டுப் பழைய துணியால் கீழே ஒற்றி ஒற்றி ஒரு தகர டப்பாவில் பிழிந்தீர்கள். பிறகு முகத்தை உள்ளே தாழ்த்தி மோந்து பார்த்தீர்கள். தலையை ஆட்டிவிட்டு, இடுப்பிலிருந்து ஸ்பேனரை எடுத்தீர்கள்.

நான் படியிறங்கி ஓடிவந்தேன். "அண்ணன் இஞ்சின இப்படித்தான் கொல்லணுமா மைனி? அந்தப் போடிக்காரருக்காகவா?"

நீங்கள் திடுக்கிடவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஈரத் துணியை என்னிடம் நீட்டினீர்கள்.

"மோந்து பாருங்க."

வாங்கினேன். தண்ணீர் இல்லை. பெட்ரோல். கண் எரிந்தது.

"மூணு மாசமா ஒழுகுது. அந்த ஆவி கீழ தேங்கி நிக்கு, மேல வர மாட்டேங்கு. பலகயத் தொறந்து வெயில்ல போட்டா ஒரு நா போவுது, ஒரு நா போவ மாட்டேங்கு. போவாத நாள்ல வயரக் கழட்டிருவேன். நா இல்லாத நேரம் பங்களா ஆளுக எடுத்துட்டுப் போயிருவாங்க தம்பி. ஏறுறவன் எவனாவது சிகரெட்டப் பத்தவச்சா என்ன ஆவும்? இன்னைக்கு வாரது ஒரு குடும்பம், கைப்பிள்ளையோட."

"எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். மல்லிப்பூன்னு சிரிச்சீங்க."

எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று குனிந்து பார்த்தேன். விரல் வைத்ததும் தெரிந்துவிட்டது. நான் ஈயம் வைத்துப் பற்றவைத்த அதே ஓரம்.

"அது ஒங்க கை வேல. அதான் மேல சொல்லல" என்றீர்கள். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியாமல் போனது.

ஆனால் ஒன்று கவனித்தேன். போடிக்காரரைப் பற்றி நான் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. வெட்கப்பட்டு நிற்க வேண்டிய அந்த நிமிடத்திலும் அதைத்தான் கவனித்தேன்.

அடுத்த வாரமே இஞ்சினை மாற்ற ஒத்துக்கொண்டேன். போடிக்காரரும் நானும் செயின் பிளாக் போட்டுப் பழையதைத் தூக்கினோம். புதிதுக்கு மரப்படுக்கை செதுக்கி, விசிறித் தண்டு நேர் பார்த்து முடிக்க மூன்று நாள் ஆனது. அவர் கைதேர்ந்த வேலைக்காரர், குறை சொல்ல முடியாது. டீசல் இறங்கியதும் பின்பக்கம் இரண்டு விரற்கடை அமிழ்ந்தது. "பாத்தீங்களா?" என்றேன், ஜெயித்தவன் போல. நீங்கள் நங்கூரப் பெட்டியை முன்பக்கம் இழுத்துப்போட்டீர்கள். படகு நேரானது. முதல் ஓட்டத்தில் அது டுக் டுக் என்று கரையெல்லாம் எதிரொலிக்க, "ஒங்கண்ணன் இருந்தா காதப் பொத்திருப்பாங்க" என்று சிரித்தீர்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் போடிக்காரர் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் ஃபேக்டரிக்குத் திரும்பியிருக்கலாம். போகவில்லை. துறைப்படியின் மேல் கல்லில் நின்றேன், அவர் ஜீப்பில் ஏறும் வரை நின்றேன். அவர் உங்களிடம் ஏதோ சொல்ல வந்து, மேலே பார்த்துவிட்டு, "வாரேங்க" என்று மட்டும் சொன்னார். நீங்கள் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அதன் பிறகு அவர் வரவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது, மைனி. அந்த நிம்மதியை நான் மறைக்கப் போவதில்லை.

இரண்டு வருடம் கழித்து உங்களுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். கோட்டயம் ஆஸ்பத்திரிக்குப் போனோம், வந்தோம். மறுபடி போனோம். திரும்பி வந்தபோது ஆம்புலன்ஸில் நானும் என் மனைவியும் உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தோம்.

கல்லறையில் எல்லாரும் மண் போட்டுவிட்டுப் போன பிறகு மதிலோரமாக ஒருவர் நின்றார். போடிக்காரர். முடி முழுக்க நரைத்திருந்தது. யார் சொல்லி வந்தார் என்று முதலில் சந்தேகம்தான் வந்தது. அந்தப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. பிறகு ஏனோ கால் தானாக அவரிடம் போனது.

"ஒண்ணு கேக்கட்டுமா அண்ணாச்சி?"

"கேளுங்க."

"மைனியக் கட்டிக்கிடணும்னு நெனச்சீங்களா?"

அவர் உங்கள் குழிமேட்டைப் பார்த்தார். "கேட்டேன். இஞ்சின் மாத்துறதுக்கு முன்னாடியே."

"என்ன சொன்னாங்க?"

"'எங் கொழுந்தன் அந்த இஞ்சினையே விட மாட்டேங்காரு, என்னைய விடுவாரா'ன்னு சிரிச்சாக. மாட்டேன்னு சொல்லல. சரி, இஞ்சின் மாறட்டும், பெறகு ஒரு தடவ கேப்போம்னு இருந்தேன்."

"கேட்டீங்களா?"

"வேல முடிஞ்ச அன்னைக்குக் கேக்கத்தான் இருந்தேன். நீங்க படியில நின்னீங்க."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.  நான் சந்தேகப்பட்டது பொய்யில்லை, மைனி. உங்களுக்குள் ஒரு விருப்பம் இருந்திருக்கிறது. அதில் தப்பு என்ன என்று ஒரு நாள்கூட நான் என்னையே கேட்டுப் பார்க்கவில்லை. வாடை வருகிறது என்று வாய்விட்டுச் சொன்னீர்கள், அதைக் கேட்கவில்லை. வாய்விட்டுச் சொல்லாத ஒன்றைக் கண்டுபிடிக்க மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன்.

நாற்பத்தொன்றாம் நாள் பூசைக்கு அவரை நானே போனில் கூப்பிட்டேன். தயங்கினார், வந்தார். கோயிலில் பின்வரிசைக்குப் போனவரைக் கையைப் பிடித்து எங்கள் வீட்டு வரிசையில் உட்காரவைத்தேன். பூசை முடிந்து வீட்டில் பந்தி போடும்போது எங்கள் அத்தை எல்லாரும் கேட்கும்படியாகவே கேட்டாள்: "இது யாருல? எந்த வகையில சொந்தம்?"

மெக்கானிக் என்று சொல்லியிருக்கலாம். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார்.

"மைனியப் பொண்ணு கேட்டவரு அத்தை. நாந்தான் குறுக்க நின்னுட்டேன்" என்றேன்.

 அத்தை கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து அவருக்கு முதலில் இலை போட்டாள். அவர் இலையில் தண்ணீர் தெளித்தார். கண்ணைத் துடைக்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அன்று அந்தப் பந்தியில் சொன்னதை உங்கள் முன்னால், நீங்கள் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும். உங்கள் முகம் அப்போது எப்படி ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன், மைனி. இருபது வருடத்துக்கு மேல் பழகிய முகம்தான். ஆனால் சந்தோஷத்தில் அது எப்படி இருந்திருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.